நோயாளி ஏன் மருந்தை நிறுத்துகிறான்?

"மருந்து கொடுக்கிறோம், தின்ன மாட்டேன் என்கிறான், பத்தியம் சொல்லுகிறோம், காற்றில் விட்டுவிடுகிறான், வியாதி முற்றிய பிறகு ஓடிவந்து காலில் விழுகிறான். இப்படிப்பட்ட ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்பதாக ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்கள் சலித்துக்கொள்ளுவதை நம் வாசகர்களில் பலர் கேட்டிருக்கலாம். வைத்தியர்கள் மாத்திரமல்ல, படித்தவர்கள் என்பவர்களும், வீட்டுப் பெரியவர்களும், ஏன், நாமுங்கூட இந்தப் பல்லவியைத்தான் பாடி வந்திருக்கின்றோம். ஒருவன் மருந்தை நிறுத்திவிட்டான் என்றால் அவன் முட்டாள், அல்லது சோம்பேறி, அல்லது பொய்யன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அத்தோடு நம் கடமை தீர்ந்ததாக எண்ணிக்கொள்ளுவது வழக்கமாகப் போய்விட்டது.

இந்தத் தீர்ப்பு தப்பானது என்பதும், தப்பானது மாத்திரமல்லாமல் நோயாளியின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது என்பதும்தான் நாம் இன்று சொல்ல வந்த விஷயம். பிறரைக் குற்றஞ்சொல்லி ஆரம்பிப்பதைவிட நம்முடைய குற்றத்தைச் சொல்லி ஆரம்பிப்பதே யோக்கியமாகும்.

சில வருஷங்களுக்கு முன் நமக்கு நெருங்கிய தோழர் ஒருவருக்குக் காசநோய் கண்டது. விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவர். சளியைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் விடாமல் தின்ன வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் மாதத்திலேயே காய்ச்சல் விட்டது, இருமல் அடங்கிற்று, சோறு செல்லிற்று, உடம்பில் சதை பிடித்தது. மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். இது நம் காதுக்கு எட்டியதும் நாம் என்ன செய்தோம்? கடைத்தெருவில் அவரைக் கண்ட இடத்திலேயே, நாலு பேர் கேட்கும்படி, "கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பகுத்தறிவு கேட்கிறவருக்கு மாத்திரை தின்ன அறிவில்லையா?" என்று வைதோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமேல் தின்கிறேன், அய்யா" என்றார். அதன் பிறகு கேட்டபோதெல்லாம் "தின்கிறேன்" என்றே சொன்னார். நாளடைவில் நம் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். மறுபடி இருமலில் இரத்தம் கண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் நெஞ்சில் இருந்த கிருமி பழைய மருந்துக்கு மசியாத கிருமியாக ஆகிவிட்டிருந்தது. அடுத்த தை மாதம் இறந்துபோனார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவருடைய மனைவியார் பழைய பிஸ்கோத்து டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். பிரிக்காத மாத்திரை அட்டைகள் அதில் அடுக்கடுக்காக இருந்தன. "நீங்க வைவீங்கன்னு பயந்துதானுங்க அண்ணா, திங்கறேன் திங்கறேன்னு சொல்லீட்டு இதுலெ போட்டு வெச்சாரு" என்றார்.

அவர் மருந்தை நிறுத்திய காரணங்களும் அன்றுதான் நமக்குத் தெரிந்தன. மருந்து தின்ன ஆரம்பித்ததும் சிறுநீர் சிவந்து போயிற்றாம். உள்ளே ஏதோ அறுந்து இரத்தம் போகிறது என்று பயந்திருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தறிக்குப் போனால் குமட்டல் தாங்கவில்லையாம். மருந்து வாங்கப் போகும் நாளில் அரை நாள் கூலி போயிற்றாம். எதற்காக அடிக்கடி லீவு என்று முதலாளி கேட்டால், காசநோய் என்று சொல்ல நா எழவில்லையாம். இத்தனைக்கும் மேலாக, உடம்பு நன்றாயிருக்கிறபோது எதற்காக இந்த அவஸ்தை என்றும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. இவற்றில் முட்டாள்தனம் எது? சோம்பேறித்தனம் எது? தமக்குத் தெரிந்த சங்கதிகளை வைத்துக்கொண்டு அவர் யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறார். தெரிய வேண்டிய சங்கதிகளை அவருக்குச் சொன்னவர்தான் ஒருவரும் இல்லை.

காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்பது ஒன்று. அதைத் தின்றால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போவது இயல்பு. அதனால் கெடுதல் யாதொன்றுமில்லை. "நாளை முதல் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம்" என்று ஒரே ஒரு வாக்கியம் முதல் நாளில் சொல்லப்பட்டிருந்தால் அவருடைய பயத்தில் பாதி அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதுபோலவே, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்தும் ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டும். பெருவாரியான கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துப்போகின்றன. அதனால்தான் உடம்பு தேறுகிறது. ஆனால் கொஞ்சம் கிருமிகள் தூங்குவதுபோல் பதுங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தீர்ப்பதற்குத்தான் மீதி மாதங்கள். களை வெட்டுகிறவன் மேலே பச்சை மறைந்ததும் கொத்தைக் கீழே போட்டுவிடுவானா? கிழங்கைத் தோண்டியெடுக்க வேண்டும் என்பது நம் குடியானவர்களுக்குத் தெரியாததா? அவர்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு சொன்னால் புரியாமல் போகாது.

நிற்க, மருந்தை நிறுத்துவது நம் நாட்டுப் பாமர மக்களின் பிரத்தியேகக் குணம் என்று சொல்லுகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே, கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில், கொடுத்த மருந்தைத் தின்னாமலேயே தின்றதாகப் பொய் சொல்லும் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும்படி எச்சரிக்கை இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? உலக சுகாதார நிறுவனம் 2003-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில், பணமும் படிப்பும் மிகுந்த நாடுகளிலேயே நீடித்த வியாதிக்காரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை தின்னும் வக்கீல்களையும் உபாத்தியாயர்களையும் உத்தியோகஸ்தர்களையும் உண்மையைச் சொல்லச் சொன்னால் சங்கதி வெளிப்பட்டுவிடும். உலகத்தில் பாதிப்பேர் செய்கிற காரியத்தை மூடத்தனம் என்ற ஒரு வார்த்தையால் விளக்கிவிட முடியுமா?

இந்த விஷயத்தில் நம் சென்னையிலேயே நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1956-ம் வருஷத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை ஏற்படுத்தின. அதுவரையில் காசநோயாளியைத் தனி ஆஸ்பத்திரியில் போட்டு, பால் முட்டை கொடுத்து, படுக்க வைத்தால்தான் பிழைப்பான் என்பது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. அந்த நிலையத்தார் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்து, திருவுளச்சீட்டுப் போலப் பிரித்து, ஒரு பாதியை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மறு பாதியை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடில்லை, ஓய்வில்லை, படுக்க இடமில்லை. 1959-ம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷ முடிவில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பின்னும் பல வருஷங்கள் கவனித்துப் பார்த்ததில், வீட்டில் கூட இருந்த உறவினர்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. பணக்கார நாடுகளுங்கூடத் தங்கள் காசநோய் ஆஸ்பத்திரிகளை மூடுவதற்கு இது ஒரு முக்கிய ஆதாரமாயிற்று.

ஆனால் இந்த வெற்றியிலிருந்தே ஒரு புதுக் கேள்வி கிளம்பிற்று. குணமாக்குவது கட்டிலும் பாலும் அல்ல, மருந்துதான் என்றால், வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்து வாய்க்குள் போகிறதா என்பதல்லவா முக்கியம்? அந்த நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். யார் தின்கிறவர், யார் தின்னாதவர் என்பதை முகத்தைப் பார்த்தோ, படிப்பைப் பார்த்தோ வைத்தியர் கண்டுபிடித்துவிட முடியாது என்பது வெளிப்பட்டது. ஆகவே, கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்வது என்ற முறையையும் அங்கே சோதித்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் அந்த முறை உலகம் முழுவதும் பரவிற்று. 1997 முதல் இந்திய தேசத் திட்டத்திலும் இடம்பெற்றது.

கண்முன்னே விழுங்கச் செய்துவிட்டால் காரியம் முடிந்துவிடுமா என்றால், அதுவும் முடிந்துவிடவில்லை. 1998-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் 2001-ல் பாகிஸ்தானிலிருந்தும் வெளியான ஆராய்ச்சிகளில், கண்காணித்து விழுங்கச் செய்யப்பட்டவர்களைவிடத் தாங்களாகத் தின்றவர்கள் குணமாவதில் பின்தங்கிவிடவில்லை என்றே தெரிந்தது. ஏன் இப்படி? கண்காணிப்பவர் தோழராக இருந்து, வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் மருந்து கொடுத்தால் நோயாளி வருகிறான். போலீசுக்காரர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, கூலியை விட்டுவிட்டு வந்து நில் என்றால் அவன் வராமலேயே நின்றுவிடுகிறான். ஆகையால் வெறும் கண்காணிப்பு போதாது. நோயாளியின் மனம் சேர வேண்டும்.

நோயாளியின் மனம் சேராமல் போவதற்குக் காரணங்களை உளவியலார் பலவாறு ஆராய்ந்திருக்கின்றனர். முக்கியமானவற்றை மாத்திரம் சொல்லுவோம்.

முதலாவது, சொன்னது நினைவில் நிற்பதில்லை. இங்கிலாந்தில் பிலிப் லே என்னும் உளவியலார் 1960-களில் தொடங்கி இதை ஆராய்ந்தார். வைத்தியர் சொன்னவற்றில் கணிசமான பகுதியை நோயாளி அறையைவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே மறந்துவிடுகிறான் என்று கண்டார். பயத்தோடு உட்கார்ந்திருப்பவன் காதில் பத்து விஷயங்களை வேகமாகக் கொட்டினால் எது தங்கும்? முக்கியமானதை முதலில் சொல்லவேண்டும், சிறு வார்த்தைகளில் சொல்லவேண்டும், திருப்பிச் சொல்லவேண்டும், பொதுப்படையாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்பது அவர் கண்ட வழி. "உப்பைக் குறையுங்கள்" என்பது பொதுப்படை. "ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் வேண்டாம்" என்பது குறிப்பு. முன்னதற்குத் தலையாட்டலாம், பின்னதைத்தான் செய்யலாம்.

இரண்டாவது, நோயாளி மனத்தில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் "இந்த மருந்து எனக்கு வேண்டுமா?" என்பதும், மறு தட்டில் "இது என்னை என்ன செய்துவிடும்?" என்பதும் இருக்கின்றன. இரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை. ஆதலால் முதல் தட்டு காலியாக இருக்கிறது. மாத்திரையால் வரும் தலைச்சுற்றல் கண்கூடாகத் தெரிகிறது. ஆதலால் இரண்டாவது தட்டு கனக்கிறது. "டாக்டர் சொன்னால் தின்ன வேண்டியதுதானே" என்னும் அதட்டலால் இந்தத் தராசு அசையாது. வலிக்காத இரத்தக் கொதிப்பு மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் எப்படிக் கெடுக்கிறது என்று விளக்கினால்தான் அசையும்.

மூன்றாவது, சொன்ன யோசனை அவனுடைய நாளோடு பொருந்துவதில்லை. "மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு வேளை உலை வைக்கிற வீட்டில் மூன்றாவது மாத்திரை எங்கே போகும்? புருஷனும் பிள்ளைகளும் தின்ற பிறகு மாலை மூன்று மணிக்கு மிச்சத்தைத் தின்கிற பெண்ணுக்கு "மத்தியானச் சாப்பாடு" எது? வீட்டில் எல்லாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண், தன் மருந்தைக் கடைசியாகத்தான் நினைக்கிறாள். பல நாள் நினைப்பதேயில்லை. அவளை வைகிறவர்கள், அவளுக்கு நேரத்துக்குச் சோறு போட்டார்களா என்பதை யோசித்தார்களா?

நான்காவது, உண்மையைச் சொன்னால் அவமானம் நேரிடுகிறது. இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. "மருந்து ஒழுங்காகத் தின்றாயா?" என்று அதட்டினால் "தின்றேன்" என்ற ஒரு பதில்தான் வரும். அந்தப் பொய்யை நம்பி வைத்தியர் என்ன செய்கிறார்? மருந்து போதவில்லையென்று எண்ணி இன்னும் காட்டமான மருந்தை எழுதுகிறார். முதல் மருந்தையே தின்னாதவன் இரண்டாவதையும் சேர்த்து டப்பாவில் போடுகிறான். அல்லது பயந்துபோய் ஒருநாள் இரண்டையும் சேர்த்து விழுங்கி மயங்கி விழுகிறான். அதட்டலுக்குப் பதிலாக, "தினமும் மாத்திரை தின்பது எல்லாருக்கும் சிரமந்தான், போன வாரத்தில் எத்தனை நாள் தவறிப்போயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை வெளியே வரும். உண்மை வந்தபிறகுதான் வைத்தியம் ஆரம்பமாகிறது.

இனி, செய்ய வேண்டியது என்ன? ஒன்று, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்வது. அதையும் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாடம் ஒப்பிக்கச் சொல்லுவது போலக் கேட்கக்கூடாது. "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று கேட்கவேண்டும். தவறு இருந்தால் அது சொன்னவருடைய தவறாகட்டும். இரண்டு, மூன்று வேளையை ஒரு வேளையாக்க முடியுமானால் ஆக்குவது. மூன்று, "நாளை முதல் தின்கிறேன்" என்பதோடு விடாமல், எப்போது, எங்கே, எதோடு என்று முடிவு செய்துகொள்ளச் செய்வது. "காலையில் பல் தேய்த்து டீ குடித்ததும், அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும் மாத்திரையை எடுப்பேன்" என்று தீர்மானித்தவனுக்கு டீயே ஞாபகமூட்டிவிடும். நான்கு, வாதாடாமல் கேட்பது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் குடிப்பழக்கக்காரர்களோடு பழகிக் கண்டு 1983-ல் எழுதியது இதுதான்: நீ விடவேண்டும் என்று நாம் வாதாடினால், விட முடியாததற்கான காரணங்களை அவன் தேடிப் பேசுவான், ஏன் விட நினைக்கிறாய் என்று நாம் கேட்டால், விடுவதற்கான காரணங்களை அவனே பேசுவான். மனிதன் பிறர் சொன்ன காரணத்தைவிடத் தன் வாயால் சொன்ன காரணத்தையே நம்புகிறான்.

"இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருக்க வைத்தியருக்கு நேரம் ஏது? வாசலில் இருநூறு பேர் நிற்கிறார்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சர்க்கார் ஆஸ்பத்திரி வைத்தியர்களுடைய கஷ்டத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேசாமல் மிச்சம் பிடித்த ஐந்து நிமிஷம், பின்னால் முற்றிய வியாதியாக வந்து ஐந்து மாதத்தைத் தின்கிறதே, அதற்குக் கணக்கு யார் பார்ப்பது? மேலும் இந்த வேலையை வைத்தியரே செய்ய வேண்டும் என்பதில்லை. நர்சு செய்யலாம், மருந்து கொடுப்பவர் செய்யலாம், கிராம சுகாதார ஊழியர் செய்யலாம். 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகிறது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக இந்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக்கியிருக்கிறது. பஸ் கட்டணமும் போன கூலியும் வயிற்றுப் பசியும் மருந்தை நிறுத்தும் காரணங்கள் என்று ஒப்புக்கொண்டதாகத்தான் இவற்றிற்கு அர்த்தம். ஆனால் வீட்டு வாசலுக்கு வருகிற ஊழியர் மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவதோடு நில்லாமல், இரண்டு கேள்வி கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்பாரானால்தான் அந்தத் திட்டம் முழுப் பலனைத் தரும்.

கடைசியாக நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி கையில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தால் நமக்குக் கோபம் வருகிறது. "கயிற்றை அறுத்தெறி, அப்புறம் மருந்து தின்" என்கிறோம். அவன் என்ன செய்கிறான்? பயத்தில் இருப்பவன் ஆனதால், கயிற்றை வைத்துக்கொண்டு நம்மையும் மருந்தையும் விட்டுவிடுகிறான். கயிறு கிருமியைக் கொல்லாது என்பது நிச்சயம். நாம் வைவதும் கிருமியைக் கொல்லாது என்பது அதைவிட நிச்சயம். முதலில் மாத்திரை உள்ளே போகட்டும். உயிரோடு இருக்கிறவனிடம்தான் கயிற்றைப் பற்றிப் பேச முடியும். குணமானது எதனால் என்று அவனே யோசிக்கும் காலம் வரும்.

ஏன் என்று கேட்காமல் நம்பு என்று சொல்லுகிறவர்களை எதிர்த்துத்தானே இத்தனை காலமும் பேசி வருகிறோம்? அப்படியிருக்க, வைத்திய விஷயத்தில் மாத்திரம் ஏன் என்று கேட்காமல் விழுங்கு என்று நாமே சொல்லுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? நோயாளியும் மனிதன். அவனுக்கும் காரணம் தெரிய உரிமை உண்டு. தவறியதைப் பயமின்றிச் சொல்ல உரிமை உண்டு. தன் சௌகரியத்தைச் சொல்லி மருந்தின் நேரத்தை மாற்றிக் கேட்க உரிமை உண்டு. ஆகவே வாசகர்கள் ஒவ்வொருவரும், தங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நீடித்த வியாதிக்கு மருந்து தின்கிறவர் யார் என்று இன்றைக்கே நினைத்துப் பார்த்து, அவர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, "இந்த மருந்து தின்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரையில் குறுக்கே பேசாமல் இருந்து, அந்தக் கஷ்டத்தில் தங்களால் தீர்க்கக்கூடியதைத் தீர்த்து, மற்றதை அவரோடு கூடப் போய் வைத்தியரிடம் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். நம் தறிக்காரத் தோழரிடம் நாம் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்விதான்.